16.5 மில்லிமீட்டரில் ஒரு தாம்பரம்

தமிழ்நாட்டில் மாதிரி ரயில் விடும் பொழுதுபோக்குக்கு யாராவது வரலாறு எழுத உட்கார்ந்தால், இங்கிலாந்தில் ஃபிராங்க் ஹார்ன்பி 1920-இல் சாவி கொடுத்தால் ஓடும் ரயிலைக் கடைக்குக் கொண்டுவந்த கதையிலிருந்து தொடங்கக்கூடும். நான் எழுதினால் நவராத்திரிக் கொலுவின் கடைசிப் படிக்கும் கீழே, தரையிலிருந்துதான் தொடங்குவேன். மேலே தசாவதாரமும் மரப்பாச்சியும் செட்டியார் தம்பதியும் அவரவர் படியில் அமர்ந்திருக்க, பிள்ளைகளுக்கென்று விட்டுக்கொடுத்த அந்தத் தரையில் மணலைப் பரப்பி, சில நாள் முன்பே தூவி முளைக்கவைத்த கேழ்வரகும் கடுகும் புல்வெளியாக, உடைந்த முகம் பார்க்கும் கண்ணாடி குளமாக, செங்கல்லை அடுக்கிச் சாக்கைப் போர்த்திச் செம்மண் குழைத்துப் பூசியது மலையாக, அந்த மலையைக் குடைந்து ஒரு குகையும் வைத்து, அதற்குள் தகர ரயில் நுழைந்து மறுபக்கம் வெளியே வருகிறதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோமே, உங்களுக்கும் நினைவிருக்கும். சுண்டல் வாங்க வந்த தெருப் பிள்ளைகள் அம்பாளைக் கும்பிட்டுவிட்டு உடனே குனிந்தது அந்தக் குகைவாயைப் பார்க்கத்தான்.

விஜயதசமி முடிந்ததும் பொம்மைகளைப் பழைய வேட்டித்துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைப்பார்கள். மணலை வாரி வாசலில் கொட்டுவார்கள். மலை மறுபடியும் செங்கல்லாகும். வருஷத்துக்கு ஒருமுறை பிறந்து பத்து நாளில் மறையும் ரயில்பாதை அது. சேலையூரிலும் குரோம்பேட்டையிலும் நங்கநல்லூரிலும் சிட்லபாக்கத்திலும் எத்தனையோ வீட்டுக் கூடங்களில் அது ஓடியது. அந்தப் பிள்ளைகளில் சிலருக்குத்தான் பத்து நாள் போதவில்லை. மணலை வாரிக் கொட்டும்போது மனசு ஒப்பாமல், தண்டவாளத்தை ஒரு பலகையில் நிரந்தரமாக ஆணியடித்துவிடலாமே என்று நினைத்தவர்கள் அவர்கள். நான் அந்தச் சிலரில் ஒருவன்.

நிரந்தரப் பாதைக்குத் தேவையான எதுவும் அப்போது இங்கே கடையில் கிடைக்காது. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இருந்த காலம். வெளிநாட்டு ரயில் பெட்டி ஒன்று ஒரு வீட்டில் இருந்தால், அந்த வீட்டில் யாரோ கப்பலிலோ வளைகுடாவிலோ வேலை பார்க்கிறார்கள் என்று பொருள். மற்றவர்களுக்கு இருந்த ஒரே துறைமுகம் சென்ட்ரல் பக்கத்திலிருந்த மூர் மார்க்கெட். பழைய புத்தகமும் கிராமஃபோன் தட்டும் கடிகாரமும் குவிந்துகிடந்த அந்தச் செங்கட்டடத்தின் நடைகளில், ஏதோ ஒரு ஆங்கிலேயக் குடும்பம் ஊருக்குப் போகும்போது விற்றுவிட்டுப் போன பொம்மை ரயிலின் மிச்சங்கள், சில சமயம் ஒற்றைப் பெட்டியாக, சில சமயம் வெறும் சக்கரங்களாக அகப்படும். "தம்பி, சக்கரம் மட்டும் போதுமா, வண்டி வேணாமா?" என்று கடைக்காரர் கேட்பார். சக்கரம் போதும் என்றுதான் சொல்வோம். வண்டியை நாமே செய்துகொள்ளலாம். சக்கரத்தைச் செய்ய முடியாது.

வண்டி செய்யக் கல்யாணப் பத்திரிகைகளைச் சேர்த்தோம். கெட்டி அட்டையில் அச்சடித்த பத்திரிகை வந்தால், முகூர்த்தம் முடியும்வரை பாட்டி அதைத் தரமாட்டார். முடிந்த மறுநாள் அது ரயில்பெட்டியின் பக்கச்சுவராகிவிடும். ஜன்னல்களைப் பிளேடால் வெட்டி, எனாமல் டப்பாவில் அடியில் மிஞ்சிய காவிநிறத்தைப் பூசி, ஐஸ் குச்சியைச் சீவிச் சிலீப்பர் கட்டையாக அடுக்கி, ரம்பத்தூளில் பச்சைச் சாயம் கலந்து புல் தூவி, ரிச்சி தெருவில் வாங்கிய பழைய டேப் ரிக்கார்டர் மோட்டாரை இன்ஜினுக்குள் பொருத்துவோம். மின்சாரம் கொடுத்தது வீட்டு ரேடியோவின் பேட்டரி எலிமினேட்டர். அதன் குமிழில் 3, 6, 9, 12 என்று நான்கே எண்கள். ஆகவே எங்கள் வண்டிக்கும் நான்கே வேகம். 3-இல் முனகும், 6-இல் நகரும், 9-இல் ஓடும், 12-இல் வளைவில் கவிழும். இதற்கிடையே மென்மையாகப் புறப்பட வேண்டுமென்றால் ஒயரில் ஒரு ரியோஸ்டாட் சேர்க்க வேண்டும் என்று தெரிந்துகொண்ட நாள் எங்களுக்கு ஒரு பண்டிகை.

இதையெல்லாம் நான் வறுமைக் கதையாகச் சொல்லவில்லை. கடையில் கிடைக்காததால் எங்களுக்கு ஒரு பெரிய ஆதாயம் இருந்தது: எதைச் செய்யவேண்டுமோ அதை உற்றுப் பார்க்கவேண்டியிருந்தது. பார்ப்பதற்குத் தாம்பரத்தைவிட நல்ல இடம் எது? 1931-இல் தென்னிந்திய ரயில்வே கம்பெனி சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரை மீட்டர் கேஜில் மின்சார ரயில் விட்டது. நாட்டிலேயே மின்மயமான முதல் மீட்டர் கேஜ் பாதை அதுதான். தொடக்கத்தில் 1,500 வோல்ட் நேர்மின்சாரம். 1967-இல் அது 25,000 வோல்ட் மாறுமின்சாரமானது. அதற்குச் சற்று முன்பே கம்பி விழுப்புரம்வரை நீண்டிருந்தது. எழும்பூரிலிருந்து தெற்கே போகும் எக்ஸ்பிரஸ்களை ஜப்பானிலிருந்து வந்த மின்சார இன்ஜின்கள் விழுப்புரம்வரை இழுத்துப்போக, அங்கே அவற்றைக் கழற்றிவிட்டு நீராவி இன்ஜினோ டீசல் இன்ஜினோ மாட்டுவார்கள். ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி இத்தனையும் கண்ணெதிரே ஓடிக்கொண்டிருந்தது. தாம்பரம் நடைமேம்பாலத்தில் நின்றால் கீழே கார் ஷெட்டுக்குப் போகும் தண்டவாளங்கள் கிளை பிரிவதும், பாயிண்ட் விழுவதும், பேன்டோகிராஃப் கம்பியைத் தொடும் இடத்தில் நீலப்பொறி தெறிப்பதும் தெரியும்.

ஒரு பெட்டிக்கு ஜன்னல் எத்தனை, கதவுக்கும் முதல் ஜன்னலுக்கும் நடுவே இடம் எவ்வளவு, கூரையின் வளைவு எந்த இடத்தில் தொடங்குகிறது என்று நோட்டில் வரைந்துகொண்டு, பிளாட்பாரத்தில் நின்ற வண்டியின் நீளத்தைக் காலடியால் அளந்தோம். வைகை எக்ஸ்பிரஸ் 1977 சுதந்திர தினத்தன்று ஓடத் தொடங்கியபோது, பகலிலேயே மதுரைக்குப் போய்விடுகிற வண்டி என்று ஊரே பேசிற்று. எங்களுக்கு அதன் பெட்டி வரிசை வேண்டியிருந்தது. போகிற வேகத்தில் வரிசையை எழுதிக்கொள்ள ஒருவன் முன்பாதி, ஒருவன் பின்பாதி என்று பங்கு பிரித்துக்கொண்டு நிற்போம். அந்த வயதில் இருந்த அந்தப் பையனை இப்போது நினைத்தால் எனக்குப் பிரியமாக இருக்கிறது. அவனுக்கு அவசரமே இல்லை. ஒரு வண்டி போய்விட்டால் அடுத்த நாள் அதே நேரத்துக்கு அது வரும் என்று முழுமனதாக நம்பினான்.

அளவு விஷயத்தில்தான் உலகம் எங்களோடு ஒத்துப்போகவில்லை. உலகெங்கும் பரவலாக விற்கிற மாதிரித் தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஓடும் 1,435 மில்லிமீட்டர் பாதையை 87-இல் ஒரு பங்காகக் குறுக்கினால் அது வரும். நம் பிராட் கேஜ் 1,676 மில்லிமீட்டர். அதே விகிதத்தில் குறுக்கினால் 19 மில்லிமீட்டருக்கும் மேல் ஆகிறது. மீட்டர் கேஜோ பதினொன்றரைதான். இரண்டுக்கும் நடுவே, நம்மூர் எதற்கும் பொருந்தாத ஓர் இடத்தில் அந்தத் தண்டவாளம் நின்றது. பிராட் கேஜ்காரர்கள் பெரும்பாலும் அந்த வித்தியாசத்தைக் கண்டும் காணாமல் விட்டுவிட்டார்கள். தாம்பரத்துப் பையன்களான எங்களுக்கு அதுவும் முடியாது. எங்கள் உலகமே மீட்டர் கேஜ். ஆகவே 16.5 மில்லிமீட்டரைத்தான் ஒரு மீட்டர் என்று வைத்துக்கொண்டு, மற்ற எல்லாவற்றையும் 60-இல் ஒரு பங்காகக் கட்டினோம். பெட்டிகள் பெரிதாயின, பிளாட்பாரம் பெரிதாயிற்று, டீக்கடை பெரிதாயிற்று. நிஜத்தில் பிராட் கேஜைவிடச் சிறியதான எங்கள் பாண்டியன் எக்ஸ்பிரஸ், நண்பன் வீட்டுக்குக் கப்பலில் வந்த வெளிநாட்டு வண்டியின் பக்கத்தில் கம்பீரமாக நின்றது. தெற்கத்தி ரயிலுக்கு அந்த மரியாதை தகும் என்றே எங்களுக்குத் தோன்றியது.

வண்டி விடுவது கட்டுவதைவிடப் பெரிய இன்பம். எட்டுக்கு நாலு பிளைவுட் பலகைதான் எங்கள் தேசம். உலகம் முழுக்க இந்தப் பொழுதுபோக்குக்காரர்கள் பலர் தொடங்குவது அதே அளவுப் பலகையில்தான் என்பது பின்னாளில் படித்துத் தெரிந்து மகிழ்ந்த செய்தி. அந்தப் பலகையில் கடற்கரையும் எழும்பூரும் தாம்பரமும் அடக்கம். விழுப்புரம் அலமாரிக்குப் பக்கத்தில். தெற்கு ரயில்வே கால அட்டவணைப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, பத்து நிமிஷம் ஒரு மணி நேரம் என்று கடிகாரத்தைச் சுருக்கிக்கொண்டு, ஒருவன் எழும்பூர், ஒருவன் தாம்பரம், ஒருவன் விழுப்புரம் என்று அமர்வோம். நேர்மின்சாரத்தில் ஓடும் பாதையில் மின்சாரம் தண்டவாளம் முழுக்கப் பாயும். ஒரே தண்டவாளத்தில் இரண்டு இன்ஜின் இருந்தால் இரண்டும் சேர்ந்தே கிளம்பிவிடும். அதனால் பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு ஸ்விட்ச். என் வண்டி உன் துண்டுக்குள் நுழையவேண்டுமென்றால் நீ ஸ்விட்ச் போடவேண்டும். "லைன் கிளியர் தர்றியாடா?" என்று கேட்பதும், மறுமுனையில் இருப்பவன் வேண்டுமென்றே கொஞ்சம் தாமதித்து "குடுத்தாச்சு" என்பதும், நிஜ ஸ்டேஷன் மாஸ்டர்கள் ஒருவருக்கொருவர் கேட்டுக்கொண்ட அதே பேச்சுதான். விழுப்புரத்தில் இன்ஜின் மாற்றும்போது வண்டி நிற்கவேண்டும் என்பது விதி. அந்த இடைவெளியில்தான் அம்மா காபி கொண்டுவருவார்.

அக்னி நட்சத்திரத்தில் தண்டவாளம் நீண்டு வளைந்துகொள்ளும். அதற்கு இடைவெளி விட்டு ஆணியடிக்கவேண்டும் என்பதையும் நிஜத் தண்டவாளத்தின் மூட்டுகளில் குனிந்து பார்த்துத்தான் கற்றோம். திரிசூலம் பக்கத்துக் கல்குவாரித் தூசி ஜன்னல் வழியே வந்து தண்டவாளத்தில் படியும். ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் துடைக்கவேண்டும். மின்வெட்டு வந்தால் எல்லா வண்டியும் அவை நின்ற இடத்திலேயே நிற்கும். வெளியே நிஜ மின்சார ரயிலும் சில சமயம் அப்படித்தான் நிற்கும் என்பதால் அதில் ஒரு நியாயம் இருந்தது.

பிறகு ஒவ்வொன்றாக மாறத் தொடங்கியது. 1985 மே மாதக் கடைசியில் மூர் மார்க்கெட் எரிந்தது. அது இருந்த இடத்தில் இன்று புறநகர் ரயில் நிலையம் நிற்கிறது. பொம்மை ரயிலுக்குச் சக்கரம் வாங்கிய மண்ணின் மேல் நிஜ ரயில்கள் வந்து நிற்கின்றன. அங்கே இறங்கும்போதெல்லாம் இதை லாபத்தில் எழுதுவதா நஷ்டத்தில் எழுதுவதா என்று எனக்குள் ஒரு கணக்கு ஓடும், அது முடிந்ததே இல்லை. 1991-க்குப் பிறகு இறக்குமதிக் கதவு திறந்தது. 1992-இல் நாடு முழுக்க ஒரே அகலப் பாதை என்று முடிவெடுத்தார்கள். வெளிநாட்டு ரயில் பெட்டிகள் கடைக்கண்ணாடிக்குள் வரத்தொடங்கிய அதே காலத்தில், எங்கள் மீட்டர் கேஜ் ஊர் ஊராகக் கழற்றப்பட்டது. கொஞ்ச காலம் பிராட் கேஜும் மீட்டர் கேஜும் பக்கம் பக்கமாக ஓடியபோது, தாம்பரம் பாலத்தின் மேலிருந்து பார்க்க அண்ணனும் தம்பியும் கைகோத்து நடப்பதுபோல இருக்கும். 2004-இல் தம்பி நின்றுவிட்டான். கடற்கரை–தாம்பரம் மீட்டர் கேஜ் மின்சார ரயிலின் எழுபது வருஷத்துக்கு மேற்பட்ட ஓட்டம் அந்த வருஷத்தோடு முடிந்தது.

மாற்றம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாயில்லை. அகலப்பாதை வந்ததால்தான் தாம்பரத்திலிருந்து வண்டி மாறாமல் வடக்கே போகமுடிகிறது. தாம்பரமே பெரிய ரயில்களின் புறப்பாட்டு நிலையமாகிவிட்டது. 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்த நாளில் ராமேஸ்வரத்திலிருந்து கிளம்பிய புதிய வண்டி வந்து சேர்ந்தது எங்கள் ஊருக்கு. அதே மாதம் செங்கல்பட்டுக்கும் கடற்கரைக்கும் இடையே குளிர்சாதன மின்சார ரயிலும் ஓடத் தொடங்கியது. பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப். கட்டிய வந்தே பாரத் திருநெல்வேலிக்குத் தாம்பரம் வழியாகத்தான் போகிறது. இந்த வயதில் குளிர்ந்த பெட்டியில் மூடிய கதவுக்குள் உட்கார்ந்து போவது உடம்புக்குச் சுகமாகத்தான் இருக்கிறது. ஆனால் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் பல்லாவரம் மலை சத்தமில்லாமல், வாசனையில்லாமல் கடந்துபோகிறது. குரோம்பேட்டையில் தோல் பதனிடும் வாடையை வைத்தே கண்ணைத் திறக்காமல் ஊரைக் கண்டுபிடித்தவர்களுக்கு அது ஒரு குறைதான்.

மாதிரி ரயிலும் அப்படியே மாறியிருக்கிறது. இப்போது ஒவ்வொரு இன்ஜினுக்குள்ளும் டீகோடர் என்ற சின்ன சில்லு. தண்டவாளத்தில் எப்போதும் மின்சாரம். கட்டளை எந்த எண்ணுக்குப் போகிறதோ அந்த இன்ஜின் மட்டும் கிளம்பும். பாதையைத் துண்டாக்க வேண்டாம், ஸ்விட்ச் வேண்டாம், கைபேசியிலேயே ஓட்டலாம். ஒரே ஆள் எழும்பூர், தாம்பரம், விழுப்புரம் மூன்றையும் பார்த்துக்கொள்ளலாம். லைன் கிளியர் கேட்க ஆள் தேவையில்லை. ஆள் வராததால் காபியும் ஒரு டம்ளர்தான். முப்பரிமாண அச்சில் ஜன்னல் கம்பிவரை பெட்டி வார்ப்பாகி வருகிறது. அதன் நுணுக்கத்தைப் பார்த்தால் எங்கள் கல்யாணப் பத்திரிகைப் பெட்டிகள் கைகட்டி நிற்கும். பன்னிரண்டு மில்லிமீட்டர் தண்டவாளமும் கிடைக்கிறது. மீட்டர் கேஜை இப்போது சரியான விகிதத்தில் கட்டலாம். கட்டலாம் என்ற வசதி வந்தபோது, போய் அளந்துவர மீட்டர் கேஜ் இங்கே இல்லை.

இடமும் சுருங்கிவிட்டது. ஓட்டு வீட்டுக் கூடங்கள் போய் அடுக்குமாடி வந்துவிட்டது. ஐ.சி.எஃப். பிராட் கேஜ் பெட்டி 21 மீட்டருக்குச் சற்று அதிக நீளம்; 87-இல் ஒரு பங்காக்கினால் இருபத்துநாலரை சென்டிமீட்டர்; 22 பெட்டி கோத்தால் ஐந்தரை மீட்டர். அதற்கு இடம் தரும் படுக்கையறை தாம்பரத்தில் எங்கே இருக்கிறது? கடற்கரை–தாம்பரம் பாதையை முழுசாக அந்த விகிதத்தில் போடவேண்டுமென்றால் முந்நூறு மீட்டருக்கு மேல் ஒரு தெருவே வேண்டும். ஆகவே இளைஞர்கள் பெட்டிகளைக் குறைத்து, பலகையைச் சுவரோடு மடக்கி, உத்தரத்தில் கப்பி போட்டுத் தூக்கி வைக்கிறார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர் பக்கம் தரைத்தளங்கள் மூழ்கியதைப் பார்த்தவர்களுக்கு, உயரே தூக்கி வைப்பது நல்ல யோசனையாகவே தெரியும். புனேவில் ஜோஷி குடும்பத்தார் 1998-இல் இதற்கென்றே ஓர் அருங்காட்சியகம் திறந்து நகரமும் மலையுமாக வண்டி விட்டுக் காட்டுகிறார்கள். நம் ஐ.சி.எஃப். வளாகத்தின் ரயில் அருங்காட்சியகத்திலும் பிள்ளைகள் சின்ன ரயிலில் ஏறிச் சுற்றுகிறார்கள். தென்சென்னை வீட்டு ரயில்களுக்கும் அப்படி ஒரு கூரை அமைந்தால் எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருக்கும்!

அண்மையில் ஓர் இளைஞர், மீட்டர் கேஜ் மின்சார ரயிலைத் தன் கணினியில் வரைந்துகொண்டிருப்பவர், வீட்டுக்கு வந்தார். "அங்கிள், படம் நிறைய இருக்கு. சத்தம்தான் கிடைக்கல. எப்படி இருக்கும்?" என்றார். நிற்கும்போது அடியில் கம்ப்ரசர் துடிக்கும், கிளம்பும்போது ஒரு முனகல் அடிவயிற்றிலிருந்து எழுந்து படிப்படியாக மேலேறும், அடுத்த ஸ்டேஷன் நெருங்கும்போது அதே படிகளில் இறங்கும் என்று நான் வாயாலேயே செய்து காட்டினேன். அவர் கைபேசியில் பதிவு செய்துகொண்டார். சில்லுக்குள் அந்தச் சத்தம் போய், ஓர் இன்ஜினிலிருந்து என் தொண்டை ஒலிக்கலாம்.

அன்று அவர் என் பழைய 16.5 மில்லிமீட்டர் தண்டவாளத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, "இது நம்ம மெட்ரோவுக்குக் கச்சிதமா பொருந்துமே" என்றார். உண்மைதான். 2015-இல் ஆலந்தூருக்கும் கோயம்பேட்டுக்கும் இடையே ஓடத்தொடங்கி, அடுத்த வருஷம் விமான நிலையம்வரை வந்த சென்னை மெட்ரோவின் பாதை 1,435 மில்லிமீட்டர். எந்த உள்ளூர் ரயிலுக்கும் பொருந்தாமல் அத்தனை வருஷம் என்னிடம் இருந்த தண்டவாளத்துக்கு, ஊரே ஒரு நிஜ ரயிலைக் கட்டிக் கொடுத்துவிட்டது. அந்தத் துண்டுகளை அவரிடமே கொடுத்தேன். அவர் ஆலந்தூர் நிலையத்தைக் கட்டப்போகிறாராம். நான் தூண்களை வெட்டித் தருவதாக ஏற்றுக்கொண்டிருக்கிறேன்.

அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். மீட்டர் கேஜ் போகும் என்று நாங்கள் நினைக்காததால் அளக்காமல் விட்டவை ஏராளம்: பிளாட்பாரப் பெஞ்சின் உயரம், டிக்கெட் ஜன்னலின் வளைவு, லெவல் கிராசிங் கேட்டின் கம்பிகள். இப்போது போய்க்கொண்டிருப்பவை ஐ.சி.எஃப். நீலப்பெட்டிகள், அந்த வடிவத்தில் பெட்டி கட்டுவதை 2018-லேயே நிறுத்திவிட்டார்கள். இன்னும் சில வண்டிகளில் அவை வருகின்றன. திறந்த ஜன்னல் வைத்த பழைய புறநகர் ரயிலும் இன்னும் ஓடுகிறது. வேலைக்குப் போகும் அவசரத்தில் நமக்கு அலுத்துப்போன வண்டிகள் இவை. மாதிரி ரயில் செய்கிறீர்களோ இல்லையோ, அடுத்த முறை தாம்பரத்தில் வண்டிக்குக் காத்திருக்கும்போது கைபேசியை ஜேபியில் வைத்துவிட்டு ஜன்னல்களை எண்ணுங்கள், படிக்கட்டின் பலகையைப் பாருங்கள், கிளம்பும் சத்தத்தை முழுதாகக் கேளுங்கள், முடிந்தால் ஒரு தாளில் வரைந்துவையுங்கள். நாளைக்கு ஒரு பிள்ளை இதைத்தான் செய்யப்போகிறது. அது வந்து கேட்கும்போது அளவு சொல்ல ஆள் வேண்டும்.